மாமி குடை பிடித்த சிரட்டை

அம்பூரி ரப்பர் தோட்டத்து நிழலில் எடுத்த நீலப்பச்சைப் பாசியை, ஆராய்ச்சிக்காகப் பாறசாலை வீட்டில் குப்பிகளில் வளர்த்தேன். மர இலைகள் உறிஞ்சாமல் விட்டுவிடும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அடர்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்யும் அபூர்வப் பச்சையம் அதில் உண்டு. சாதாரணப் பச்சையத்தின் ஒரு மூலையில் இரண்டு ஹைட்ரஜன் விலகி ஓர் ஆக்சிஜன் அமர்ந்தால் அதுதான் இது. வெயில் பட்டால் பாசி அதை உண்டாக்குவதை நிறுத்திவிடும். அதற்கான விளக்கு எரிந்தாலும் அணைந்தது போலத்தான் இருக்கும்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தால், குப்பிகள் எல்லாம் முற்றத்து வெயிலில்.

"லைட்டு எரியல்ல மக்களே. பாவம், இருட்டுல கெடந்து சாவுமேன்னு எடுத்து வெச்சேன்," என்றார் மாமி, என் கணவரின் அம்மா.

மாதக்கணக்கான உழைப்பு. கோபத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அதை எங்கே எடுத்தேன் என்று மட்டும் மாமி கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் அம்பூரி போய்விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். கையில், ரப்பர் பால் பிடிக்கும் பழைய தேங்காய்ச் சிரட்டை. உள்ளே பச்சைப் பாசி. குடை முழுவதும் சிரட்டைக்கு. மாமியின் தலை வெயிலில்.

"ஒரு பொட்டு வெயிலு படல்ல, கேட்டியா."

சோதித்தேன். சாதாரணப் பச்சையம்தான்; வெயில் வேண்டிய பாசி. மாமியிடம் சொல்லவில்லை.

ஆராய்ச்சிக்கு வேறு பாசி எடுத்துக்கொண்டேன். அந்தச் சிரட்டையை மட்டும் இன்னும் வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமி சர்ச்சுக்குக் கிளம்பியதும், முற்றத்துக்கு எடுத்துப்போய் அதற்குக் கொஞ்சம் வெயில் காட்டுகிறேன்.