சிவப்பு நூல் கட்டிய பயிர்கள்

ஊரில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். முனைவர் பட்டத்துக்கு நெல்லின் மரபணுவைப் படிக்கிறவனிடம் சித்தப்பா இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்பார். "நெல்லுக்கு மட்டும்தான் வைத்தியம் பாப்பியாடா?" என்பார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். எந்தக் கேலியும் கசந்ததில்லை.

உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல்தான் அவன் ஆராய்ச்சி. இரண்டு ரகங்களைப் பூவிலேயே மகரந்தம் மாற்றிக் கலந்து, அவற்றின் பேரப்பயிர்கள் அறுநூறைப் பல்கலைக்கழக வயலில் நட்டான். ஒவ்வொன்றிலும் இலை கிள்ளிச் சோதித்தபோது, வேண்டிய மூன்று மரபணுக்களும் முழுமையாகக் கூடியிருந்தவை பதினொன்றே. எவை அவை என்று பார்வையால் சொல்ல முடியாது. எனவே அவற்றின் தண்டில் சிவப்பு நூல் கட்டினான். அவை முற்றி விதையானால் பட்டம். உதவித்தொகை அந்தப் பருவத்தோடு சரி.

கதிர் பால் பிடித்திருந்த நேரத்தில் அப்பா வயலைப் பார்க்க வந்தார். அவரை வரப்பில் விட்டுவிட்டு, ஒரு கையெழுத்துக்காக ஆய்வகத்துக்குப் போனான். திரும்பியபோது அப்பா சேற்றுக் கால்களோடு சிரித்துக்கொண்டு நின்றார். வரப்பில் பதினொரு பயிர்களும் வேரோடு கிடந்தன.

"என்னடா இவ்வளவு கலப்பு! ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. நீ நூல் கட்டினதை மட்டுமாவது பிடுங்கிப் போட்டேன்."

அப்பா விதைப்பண்ணைக்கு நெல் போடுகிறவர். அங்கே வேற்றுப் பயிருக்குத்தான் அதிகாரி சிவப்பு நூல் கட்டுவார். கட்டியதைப் பிடுங்குவது விவசாயியின் வேலை. இருபது வருடத்தில் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை அவர்.

அவனுக்கு வழிகாட்டிய பேராசிரியை வந்து, பிடுங்கிய கதிரில் ஒரு மணியை நசுக்கினார். வெள்ளைப் பால் விரலில் வழிந்தது.

"இன்னும் முத்தல, இது முளைக்காதுப்பா. மத்ததுலேர்ந்து தேடணும்னா இன்னும் ரெண்டு பருவம் ஆகும். நான் அடுத்த மாசம் ஓய்வு. வயலையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "மேடம் என்னடா சொன்னாங்க?"

"வயல் சுத்தமா இருக்குன்னாங்கப்பா."

"பின்ன? கை யாரு கை!"

இப்போது அவன் ஒரு விதைக் கடையில் மூட்டை எடை போடுகிறான். ஒவ்வொரு விதைப்புக்கும் அப்பா அந்தக் கடைக்கே வந்து நிற்பார்.

"உன் நெல்லு வந்துருச்சாடா?"

"இன்னும் இல்லப்பா" என்றபடி, யாரோ உருவாக்கிய ரகத்தை அவருக்கு அளந்து கட்டுவான்.