சமையற்கட்டுக்குப் போன எண்

வளைந்த ஆணியைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, காலி மருந்து டப்பாவில் சேர்த்து வைப்பார். அதனால் முதியோர் இல்லத்தில் அவருக்கு ஆணிக்காரர் என்றே பெயர். அங்கே ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

செவிலியர் மேஜைகளிலும் சமையற்கட்டிலும் இருப்பவை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். கோப்புகள் இருப்பதோ படுக்கைவிரிப்பு அலமாரிக்குள் முனகிக்கொண்டிருக்கும், லினக்ஸ் என்ற இன்னொரு ரகக் கம்ப்யூட்டர் பெட்டியில். மேஜைக்கு ஆளைப் பெயரால் தெரியும். பெட்டிக்கு எண்ணால்தான் தெரியும். இந்தப் பெயருக்கு இந்த எண் என்று இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு ஆணிக்காரர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். கோப்பை எழுதியவரின் எண் அதன் நெற்றியில் விழுந்துவிடும். அந்த எண்காரர்தான் திறக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை தலைமைச் செவிலி ஓய்வு பெற்றார், பணி அட்டவணையைப் பாதியில் விட்டுவிட்டு. மறுநாள் புதிதாக ஒரு சமையல்காரம்மா வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெற்றவரின் நல்ல எண் சும்மா கிடக்கிறதே என்று ஆணிக்காரர் அதைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வந்த புதிய தலைமைச் செவிலிக்குப் புத்தம்புது எண்.

புதன்கிழமை காலையில் அந்த அட்டவணையைத் திறக்கப் போன புதியவருக்குக் கம்ப்யூட்டர் கையை விரித்தது. ஆணிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறீர்கள் என்று ஆறு செவிலியர் முன்னால் சொன்னார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

புதிய செவிலி அழுகிற ரகம் இல்லை. "நாலு மணிக்கு அட்டவணை சுவத்துல தொங்கணும் சார். இல்லன்னா நாளைக்குக் காலைல இருபத்திரண்டு பேரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருக்காது. அப்புறம் மேலாளர்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பேன். மாத்த வேண்டியது பெட்டியையா, ஆளையான்னு."

ஆணிக்காரர் படுக்கைவிரிப்பு அலமாரிக்கு ஓடினார். பட்டியலை மேலிருந்து கீழே மூன்று முறை பார்த்தார். பெட்டியை அணைத்துப் போட்டார். பலனில்லை. மூன்று மணிக்கு நாக்கு வறண்டு, தேநீருக்காகச் சமையலறைக்குப் போனார்.

"கம்ப்யூட்டர் நல்லா வேலை செய்யுதுண்ணே," என்றார் சமையல்காரம்மா. "நர்சுங்க அட்டவணையும் போட்டு முடிச்சுட்டேன்."

தேநீர் தளும்பிக் கையில் கொட்டியது. "அதை யாரும்மா உங்களைப் போடச் சொன்னது?"

"பாதியில நின்னுச்சு. திறந்தா திறக்குது, எழுதினா எழுதுது. அப்ப நம்ம வேலைதான்னு நெனச்சேன். இங்க வேலை ஜாஸ்தின்னு சேரும்போதே சொன்னாங்களே."

நிமிர்த்திய ஆணி எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய தலைமைச் செவிலியின் எண்ணோடு அவருடைய கோப்புகளும் சமையற்கட்டுக்குப் போயிருந்தன. சமையல்காரம்மாவுக்குப் புது எண் கொடுத்தார். பழைய எண் விழுந்த கோப்புகளை எல்லாம் புதிய தலைமைச் செவிலியின் எண்ணுக்கு மாற்றினார். பழைய எண் இனி யாருக்கும் இல்லை என்று பட்டியலில் குறித்தார். பத்து நிமிஷ வேலை. செவிலியின் அறைக்கு நடக்கத்தான் கால் மணி நேரம் பிடித்தது. பழியை லினக்ஸ் மேல் போடலாம், அது எதிர்த்துப் பேசாது. வாசல் வரை அந்த யோசனையிலேயே வந்தவர், செவிலியின் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

செவிலி அட்டவணையைத் திறந்து படித்தார். முறைத்துக்கொள்ளும் இருவருக்கு வெவ்வேறு நேரம். இடுப்பு வலிக்காரிக்கு மாடி இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, யார் தட்டிலேயே தூங்கி விழுகிறார் என்பதைச் சமையல்காரம்மா நாலே நாளில் கணித்திருந்தார்.

"இப்படியே தொங்கட்டும். இனிமே அவங்க பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. முடியுமா?"

பார்க்க மட்டும் அனுமதி உள்ள எண்களைச் சேர்த்துப் பெட்டியில் ஒரு குழு போட்டால் முடியும் என்றார் ஆணிக்காரர்.

"நல்லது. காலைல இருந்த ஆறு பேரும் வெளியதான் இருக்காங்க. பாஸ்வேர்ட் சரின்னு சொல்லிட்டு வாங்க. மூணு தடவை."

சொன்னார். மூன்றாவது தடவை தானாகவே குரலை உயர்த்திச் சொன்னார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க, அட்டவணையைச் சுவரில் வைத்து டப்பாவிலிருந்து ஓர் ஆணி எடுத்து அடித்தார். முதல் அடியிலேயே வளைந்தது. செவிலி புது ஆணி ஒன்றை நீட்டினார். அதை வாங்கி அடித்துவிட்டு, ஆணிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, வளைந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.