பிரண்டைத் தொட்டிகளும் அப்பாவின் தண்ணீரும்

பிரண்டைத் தண்டை விடியற்காலையில் வெட்டி அரைத்தால் சாறு நல்ல புளிப்பாக இருக்கும். அதே கொடியில் சாயங்காலம் வெட்டிப் பார்த்தால் அந்தப் புளிப்பில் பாதிகூட மிஞ்சாது. என் முனைவர் பட்ட ஆராய்ச்சி இந்த வித்தியாசத்தைப் பற்றியது.

பெரும்பாலான செடிகள் பகலில் நுண்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. திறந்த துளை வழியாக உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போய்விடுகிறது. பிரண்டையின் சதைப்பற்றான தண்டு பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். வெயில் போய்க் காற்று குளிர்ந்த பிறகே திறக்கும். அப்போது வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். மறுநாள் வெளிச்சம் வந்ததும் துளைகளை அடைத்துக்கொண்டு, அந்த அமிலத்தை உடைத்துத் தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்யும். மழை குறைந்த நிலத்தில் அது பிழைத்திருப்பது இப்படித்தான்.

தொட்டிகள் முதலில் கல்லூரியில் இருந்தன. அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரை நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தபோது, என் வழிகாட்டிப் பேராசிரியை அவற்றை வீட்டிலேயே வைத்துப் பார்க்க அனுமதித்தார். இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தவை: மூன்று வரிசைத் தொட்டிகள், ஒரு மின்தராசு, சாற்றின் அமிலத்தை அளக்க ஒரு பியூரெட், காரக் கரைசல் குப்பிகள், சாறு காய்ச்ச அம்மா விட்டுக்கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பு. மழை விழாமல் இருக்கக் கோட்டாற்றுக் கடையில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி மேலே கட்டினேன். முதல் வரிசைக்குத் தினமும் தண்ணீர். இரண்டாம் வரிசைக்கு எப்போதாவது கொஞ்சம். மூன்றாம் வரிசைக்கு ஒன்றுமே இல்லை. எந்தத் தொட்டி எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதை எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதனால் காலையும் மாலையும் எல்லாவற்றையும் தூக்கித் தராசில் வைப்பேன்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பைய மாடியேறி வருவார். துபாயில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். திரும்பி வந்து சந்தைப் பக்கம் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எந்த இயந்திரமானாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"அப்போ இதுக்கு நைட் ஷிஃப்ட்டுண்ணு சொல்லு," என்றார், நான் விளக்கிய அன்று.

"அப்படியும் சொல்லலாம்."

"வெயில் காலத்துல எங்க கம்பெனியும் அப்படித்தான் மக்களே. உச்சிக்கு வெளிய விடமாட்டான். ரூமை அடைச்சிட்டு ஒறங்குவோம். இருட்டினாத்தான் ஏணிய எடுப்போம். இந்தப் பயலும் கல்ஃப்காரன்தான்."

மூன்றாம் வரிசையைக் காட்டி, அது எப்படி என்று கேட்டார். தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டால் பிரண்டை இரவிலும் துளைகளைத் திறக்காது. தான் வெளியே விட வேண்டிய வாயுவையே உள்ளுக்குள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு கிடக்கும். வளராது. சாகவும் செய்யாது. இதைச் சொன்னபோது அவர் அந்தத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எத்தன நாளு கெடக்கும்?"

"அதத்தான் பாக்கேன்பா."



அப்பாவுக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டயாலிசிஸுக்குப் போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவையும் இயந்திரம் உறிஞ்ச வேண்டும். அதிகம் உறிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். உறிஞ்சாமல் விட்டால் நீர் நெஞ்சில் ஏறும். ஒருமுறை அப்படி ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறியவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். இன்னொரு தடவை வந்தால் அவர் இருதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதன் பிறகும் எடை கூடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா, யாரும் காணாம ஃபிரிட்ஜத் தொறந்தியளா?" என்று நர்ஸ் கேட்டாள். அவளும் எங்கள் மாவட்டம்தான், குழித்துறைப் பக்கம், அப்பாவிடம் வாய் கொடுப்பாள். "மெக்கானிக்குக்கு ஃபிரிட்ஜத் தொறக்கச் சொல்லிக் குடுக்கணுமா?"

முதல் தடவை அப்பா சிரித்தார். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மா சமையலறைப் பானையை உள்ளறைக்கு மாற்றினாள். குளியலறைச் செம்பை எடுத்து ஒளித்தாள். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"உண்மையச் சொல்லுங்க. வெள்ளம் குடிச்சியளா இல்லியா?"

"இல்லண்ணு எத்தன வாட்டி சொல்லுதது? பைபிளக் கொண்டா, தொட்டு சத்தியம் பண்ணுதேன்."

"சத்தியம் பண்ணக்கூடாதுண்ணு அதுலதான் எழுதியிருக்கு."

"அப்போ நான் சொன்னத நம்பு."

அன்றிலிருந்து அப்பா தன் பாட்டிலை டிவிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டார். குடிக்கும்போது மூடியைத் திறந்து, எங்கள் பக்கம் திரும்பி, ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடுவார். ராத்திரி படுக்கப் போகும்போது பாட்டிலில் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும். ஆனாலும் மறுநாள் தராசில் ஏறினால் முள் கூடித்தான் நின்றது. நான் என்ன நினைப்பதென்று தெரியாமல் இருந்தேன். எடையை நம்பியே வேலை செய்கிறவள் நான். தராசு பொய் சொல்லாது என்றால் பொய் சொல்வது யார்?

ஐப்பசியில் நாலைந்து நாள் விடாமல் மழை. ஒரு காலையில் மூன்றாம் வரிசைத் தொட்டிகள் முந்தின மாலையைவிடக் கனத்திருந்தன. தராசை அணைத்துப் போட்டு, படிக்கல் வைத்துச் சரிபார்த்து, மறுபடி நிறுத்தேன். அதே கனம்தான். வாடிக் கிடக்கிற செடியைப் பார்த்து இரக்கப்பட்டு அம்மாதான் ஊற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து கீழே இறங்கினேன்.

"அம்மா, மேல தொட்டிக்கு வெள்ளம் விட்டியா?"

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திருவலையிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, நான் எனக்க வேலையப் பாக்கவா, உனக்க பெரண்டைக்கு வெள்ளம் கோரவா? உனக்க அப்பாவக் கள்ளனாக்கியாச்சு. இனி நான்தான் பாக்கி. இதுக்குத்தான் இத்தன வருசம் படிச்சியா?"

மேலே போனேன். தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கிழக்குப் பக்க மண் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. மழை நேராக விழும் என்று நினைத்து ஷீட்டை மேலே மட்டும்தான் கட்டியிருந்தேன். காற்று சாரலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து அடித்திருக்கிறது. என் கையால் ஊற்றியதை மட்டும் நான் தண்ணீர் என்று கணக்கில் வைத்திருந்தேன். வேறு வழியில் வந்தது கணக்கில் இல்லை.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் பாட்டில் நினைவுக்கு வந்தது. அதுவும் நாங்கள் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் மட்டும்தான்.

திரும்பக் கீழே வந்து, அவர் காலையிலிருந்து படுக்கும் வரை வாயில் வைப்பதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தினேன். பாட்டில் தண்ணீர். சாயா அரை கிளாஸ், அது பாட்டில் கணக்கில் சேர்ந்தது. மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதுவும் சேர்ந்தது. காலையில் பழங்கஞ்சி. ராத்திரி சூட்டுக் கஞ்சியும் துவையலும். மேசையில் அவருக்கான காலைக் கஞ்சி மூடி வைத்திருந்தது. அதை எடுத்து அரிப்பில் ஊற்றி வடித்தேன். மேலே தங்கிய சோறு ஒரு கைப்பிடி. கீழே வடிந்ததை அவருடைய பாட்டிலில் ஊற்றினேன். பாட்டில் நிறைந்து வழிந்தது. அது ஒரு நேரத்துக் கஞ்சி.

"அவரு என்னெல்லாம் குடிக்காரு?" என்று நர்ஸ் முதலிலேயே கேட்டிருந்தாள். தண்ணீரும் சாயாவும் என்று சொன்னேன். "சாப்பாடு?" என்றாள். கஞ்சி என்றேன். அவளும் தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போனாள். எங்கள் ஊரில் கஞ்சி சாப்பாடு. காலையும் இரவும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும், அந்த நர்ஸும்கூட. அதைத் தண்ணீரோடு சேர்த்து எண்ண எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாட்டிலைக் கொண்டுபோய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டிச் சொன்னேன். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா பாட்டிலை வாங்கி, கலங்கலான அந்த நீரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பழுதான சாமானில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் கடையில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"கேட்டியா," என்றார் அம்மாவிடம். "நான் குடிக்கல்ல. நீ தந்தத தின்னேன்."

"நான் என்ன கண்டேன்," என்றாள் அம்மா. பிறகு வெகுநேரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து வடித்த சோறு. அடுத்த தடவை எடை இறங்கியது. அதற்கடுத்த தடவையும் இறங்கியது. கெண்டைக்கால் இழுக்கவில்லை. ஒரு தலையணையில் படுத்துத் தூங்கினார். ஆனால் சோறு பாதித் தட்டில் அப்படியே கிடந்தது. உமிழ்நீர் வற்றிப்போன வாயில் சோறு உருளாது. மென்றுகொண்டே இருப்பார். கடைசியில் தட்டை நகர்த்திவிடுவார். எடை இறங்குவதில் நீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்று நான் கணக்குப் போடத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மத்தியானம் அவர் டிவி பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத எடுத்துக்கோ மக்களே. எனக்கு வெள்ளம் வேண்டாம். உள்ள கணக்க எல்லாம் கஞ்சியாத் தா."

"நாள் பூரா ஒண்ணுமே குடிக்காம இருப்பியளா?"

"இருப்பேன். சாயங்காலம் கஞ்சி உண்டுண்ணு தெரிஞ்சா இருப்பேன். மாத்திரையும் அதுலயே முழுங்கிருவேன்."

"காலைல பாதி, ராத்திரி பாதி வச்சுக்கலாம்லா?"

"காலைலயே குடிச்சா ராத்திரி நாக்கு ஒட்டும்போ கையில ஒண்ணும் இருக்காது. எனக்க தாகம் எனக்குத் தெரியும்."

டாக்டரிடம் கேட்டேன். எந்த மாத்திரையை எப்போது போடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மொத்த அளவு மீறக்கூடாது, உப்பு போடவே கூடாது என்றார். அம்மா உப்பில்லாமல் கஞ்சி வைக்கப் பழகினாள். முதல் நாள் அதை ருசி பார்த்து அவள் முகம் கோணியது. அப்பாவின் முகம் கோணவில்லை.

இப்போது தினமும் அவருடைய கிண்ணத்தை நான் தராசில் வைத்து அளந்து கொடுக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சாயா குடிக்கும்போது அவர் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். வெயில் தாழ்ந்ததும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிலாமரத்தில் ஓர் இலையைப் பறிப்பார். அதைக் கூம்பாக மடக்கி தென்னை ஈர்க்கால் குத்திக்கொள்வார். கரண்டியில் அள்ளினால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம். இலையில் கொஞ்சமாகத்தான் நிற்கும்.

கோரிக் கோரிக் குடிக்கிறார். கண்ணை மூடி வாயில் வைத்திருந்து விழுங்குகிறார். கிண்ணம் காலியானதும் இலையைப் பிரித்து உட்புறத்தை ஒருமுறை நக்கிக்கொண்டு, அதைக் கிண்ணத்துக்குள் வைத்து அம்மாவிடம் நீட்டுகிறார்.

"போதும்," என்கிறார்.

போதாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கழுவப் போகிறாள்.