கலாவதி சொன்ன ‘சிக்கினான்’

1998 பிப்ரவரி, செவ்வாய். காலை 6.40க்குச் சென்னை ரயில் பெங்களூர் சிட்டி நிலையத்தில் நின்றது. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுக்காக நான் இங்கே வருவது ஏழாவது முறை. பையில் அறிக்கை. பதினொரு மணிக்கு ஆய்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

அதில் பெங்களூர் பொம்மனஹள்ளியைச் சேர்ந்த கலாவதியும் உண்டு. தையல் ஆலைத் தொழிலாளி. இருவர் அவள் செயினை அறுத்தார்கள். ஒருவன் சிறையில். அவள் கையைக் கத்தியால் கிழித்தவன் தப்பிவிட்டான். இன்று அவள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாள். போன மாதம் என்னிடம், “கத்திக்காரனும் சிக்கினான் சார்” என்றாள். நான் எழுதியது: ‘இருவரும் பிடிபட்டனர். போலீஸ் துணை தேவையில்லை.’

7.05. ஆட்டோ ஒக்கலிபுரம் தாண்டியது.

“மெட்ராஸா சார்? நேத்து உங்க ஊர்க்காரர் ஒருத்தர் மெஜஸ்டிக்ல சிக்கினார்” என்றார் ஓட்டுநர்.

“எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க?”

அவர் சிரித்தேவிட்டார். “அய்யோ, நாங்க டீ குடிச்சோம் சார்! எதிர்ல வந்தார்னு சொன்னேன். கன்னடத்துல அப்படித்தான், எங்க பெங்களூர்த் தமிழ்லயும். உங்க ஊர்ல சிக்கினா நேரா ஜெயிலா?”

அப்படியென்றால் கலாவதியின் கத்திக்காரன் பிடிபடவில்லை, அவள் எதிரே வந்திருக்கிறான். “பொம்மனஹள்ளிக்குத் திருப்புங்க. சீக்கிரம்.”

பன்னிரண்டு கிலோமீட்டர். ஓசூர் சாலை முழுவதும் லாரிகள். கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன்.

7.55. நீதிமன்றத்துக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் கலாவதி தனியாக நின்றாள். எதிர்ப் பெட்டிக்கடையில், பைக்கில் சாய்ந்து ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவனா?”

“அன்னிக்கே சொன்னேனே சார், இங்கதான் சிக்கினான்னு. சாட்சி சொன்னா இன்னொரு கையும் இருக்காதுன்னான். நீங்க எழுதிக்கிட்டீங்க. போலீஸ் வரும்னு பாத்துட்டே இருந்தேன்.”

“தப்பா எழுதிட்டேம்மா. ஏறுங்க.”

பைக் பின்னால் கிளம்பியது. “திரும்பிப் பாக்காதீங்க அக்கா” என்ற ஓட்டுநர், வழியில் இருந்த காவல் நிலையத்துக்குள் நேராக வண்டியை விட்டார். பைக் நிற்காமல் போயிற்று. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இம்முறை கலாவதியிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தேன்.

மீட்டர் 96 ரூபாய். 10.30க்கு, அந்த நிலையம் அனுப்பிய ஒரு பெண் காவலருடன் கலாவதி நீதிமன்றத்துக்குள் போனாள். குழு கூடிய நேரத்தில் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அறிக்கை பையிலேயே இருந்தது.

மதியம் வெளியே வந்தாள். “எல்லாம் சொல்லிட்டேன். குறுக்கு விசாரணை அடுத்த மாசமாம். அன்னிக்குச் சிக்குவீங்களா சார்?”

சென்னையில் இந்தச் சொல்லை நான் ஒருபோதும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

“சிக்குவேம்மா” என்றேன்.