சுவர்க்காரம்மா சாரம் ஏறுகிறார்

நான்காம் மாடியைத் தாண்டியதும் சுவர்க்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரத்துக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டச் சிரிக்கிறார். "பயம் வந்தா சில பேருக்கு வேர்க்கும், எனக்குச் சிரிப்பு வருது. இருபத்தாறு வருசமா இதே கதைதான்," என்றபடி அடுத்த படியில் கால் வைத்தார். பின்னால் ஏறிய எனக்கும் அது தொற்றிக்கொண்டது. எனக்குப் பின்னால் மேஸ்திரிக்கு. சாரப் பலகை குலுங்கியது.

அடுக்குமாடிகளின் வெளிச்சுவர் தீக்குத் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். சுவரில் பதித்த பளபளப்பான பலகைகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நாலு விரற்கடை இடைவெளிதான் அவருக்கு முக்கியம். "அது புகைபோக்கி மாதிரி சார். கீழ ஒரு வீட்ல பத்திக்கிச்சுன்னா, அது வழியா சத்தமில்லாம மேல போயிடும். மாடிக்கு மாடி உள்ளே ஒரு தடுப்பு வெச்சு அடைச்சாத்தான் நிக்கும்."

அந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்க்க, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று அவர் பையில் இருக்கிறது. "மருமகன் கொடுத்தது. அவர் பல்லைப் பார்க்கிறார், நான் பொந்தைப் பார்க்கிறேன்." சுவரைத் துளைத்ததும் "எங்கே, ஆ காட்டு" என்று அதனிடம் கொஞ்சுவார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் அலமாரியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாராம். யாரும் இப்போது கூப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

இவரிடம் எனக்கு என்ன வேலை என்றால், நான் இந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தீப்பிடிக்கிற ரகம் என்று இவர்தான் பழைய பலகைகளைக் கழற்றச் சொல்லி, நாற்பத்தெட்டுக் குடும்பங்களையும் வெளியேற்றி ஐந்து மாதம் ஆகிறது. புதிய பலகைகள் ஏறியாயிற்று. சுவர்க்காரம்மா கையெழுத்துப் போட்டால் எல்லோரும் வீடு திரும்பலாம். நானும் மனைவியும் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். மச்சான் தங்கமானவர். ஆனால் குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறார். எனக்கு ஆறு நாற்பது முதல் ஆறு ஐம்பது வரை. "இன்னிக்கு அந்தக் கையெழுத்தோட வாங்க, இல்லேன்னா வராதீங்க" என்றுதான் மனைவி அனுப்பியிருந்தாள்.

புதிய பலகைகளைப் பதித்த ஒப்பந்தக்காரரும் கூட ஏறியிருந்தார்; இடைவெளியை மூடும் முன் எடுத்ததாக, மாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புகைப்படங்களை நீட்டினார். எல்லாவற்றிலும் தடுப்பு கச்சிதமாக இருந்தது. எல்லாவற்றிலும் ஓரத்தில் காதறுந்த ஒரு நீல வாளியும் இருந்தது. சுவர்க்காரம்மா அதைப் பார்த்துப் பரவசமாகிவிட்டார்.

"இந்த வாளி எல்லா மாடிக்கும் ஏறியிருக்கே. எனக்கு இருக்கிற பயம் அதுக்கு இல்ல போல."

"அது... பசங்க தூக்கிட்டுப் போவாங்க மேடம்."

எந்த இடத்தைத் துளைப்பது என்று அவர் தானாக முடிவு செய்வதில்லை. "யாருக்கு என் மேல ரொம்பக் கோவமோ அவங்க காட்டட்டும். கோவத்துல இருக்கிறவங்க யாருக்கும் வளைஞ்சு கொடுக்க மாட்டாங்க." அந்தத் தகுதி எனக்குத்தான் இருந்தது. ஏழாம் மாடியில் என் படுக்கையறைச் சுவரைக் காட்டினேன். செயலாளர் வீடு என்று தனிக் கவனத்தோடு செய்ததாக ஒப்பந்தக்காரர் சத்தியம் செய்திருந்தார். வெற்றி என் சட்டைப்பையில் இருந்தது.

என் வீட்டுத் தரைமட்டத்துக்கு ஒரு முழம் மேலே ஒன்றும் ஒரு முழம் கீழே ஒன்றுமாக, கை நுழையும் அளவுக்கு மேஸ்திரி இரண்டு துளை போட்டார். நடுவில்தான் தடுப்பு இருக்க வேண்டும். சுவர்க்காரம்மா ஆறாம் மாடிச் சாரப் பலகைக்கு இறங்கி, கீழ்த் துளையில் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணாடியில சரியாத் தெரியாது மேடம், உள்ளே இருக்கு," என்றார் ஒப்பந்தக்காரர்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "இருக்குன்னு சொல்றார்ல மேடம். போட்டுடுங்களேன். நாப்பத்தெட்டுக் குடும்பம்."

கீழிருந்து அவர் குரல் வந்தது. "சார், மண்டி போட்டு அந்த மேல் துளைல கையை விடுங்க. கீழ்ப்பக்கமா. இன்னும். முழங்கை வரைக்கும்."

விட்டேன். எதுவும் தட்டுப்படவில்லை. கை பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. பிறகு, தடுப்பு இருக்க வேண்டிய ஆழத்தில், தூசி படிந்த ஐந்து விரல்கள் என் விரல்களைப் பற்றி, அறிமுகம் செய்துகொள்பவர்போல மரியாதையாக இரண்டு முறை குலுக்கின.