சாட்சிக்குப் பெயர் கேட்ட பத்திரிகைக்காரர்

பரமநாதன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது கியூபெக்கின் டொலார்ட் முருகன் கோயிலுக்கு வெளியே கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். அவருடைய மகன்தான் தொலைபேசியில் சொன்னான். "மாமா, அப்பா விடியப்புறம் போயிட்டார். முதலிலை உங்களுக்குத்தான் சொல்லுறன்." பாதி சுரண்டிய கண்ணாடியோடு காரை எடுத்து வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைப் பத்திரிகை ஆசிரியராகத் தெரியும். அந்தப் பத்திரிகையை வான் வண்டியில் ஏற்றிக் கடை கடையாகப் போட்டவன் நான். பெயர் செல்லத்துரை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது; நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

கோட்-டெ-நேஜ் பகுதியில் அவர் வீட்டு பேஸ்மென்ட்தான் அலுவலகம். நான் பத்திரிகைக் கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருப்பேன். அவர் தாம் எழுதும் தொடரை எனக்குப் படித்துக் காட்டுவார். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் சனம் முதன்முதலாகக் குடியேறிய காலத்துப் பத்திரிகைக்காரர்களைப் பற்றிய தொடர் அது. நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்து வந்து எழுதினார். அச்சு யந்திரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாலு கூடாரம் மட்டும் நிற்கிற வெளியில் போய் இறங்கிப் பத்திரிகை தொடங்கிய மனிதர்கள்.

"ஊரே இல்லாத இடத்திலை பேப்பரை ஆர் வாசிக்கிறது, எடிட்டர்?" என்று கேட்டேன்.

"வரப்போற சனம் வாசிக்கும், அண்ணை. அந்தப் பேப்பர்காரர் இல்லாத பள்ளிக்கூடத்தை இருக்கெண்டு எழுதிப்போட்டு, பேந்து அதைக் கட்டச் சொல்லிச் சண்டை பிடிச்ச ஆக்கள்."

"அப்ப பொய்க்காரர் எண்டு சொல்லுங்கோ."

"அரைவாசிப் பேர் பொய்க்காரர்தான். மற்ற அரைவாசிக்காகத்தான் நான் எழுதுறன்" என்று சிரித்தார்.

அந்தத் தொடரை வாசித்தவர்கள் குறைவு. ஒரு கடைக்காரத் தம்பி என்னிடம், "உங்கட எடிட்டரை அந்த மாட்டுக்காரன் கதையை விட்டிட்டு ரெண்டு சினிமாப் படம் போடச் சொல்லுங்கோ" என்றான். வந்து சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "சனம் மரண அறிவித்தலுக்காகத்தான் எடுக்குது. எடுக்கட்டும். மற்றப் பக்கமும் கையிலைதானே இருக்கு" என்றார்.

அந்தக் கதைகளில் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்தது. அரச நிலத்தில் குடியிருந்தவன் அதைத் தன் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கேட்கும்போது, முதலில் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும். "இவன் இந்த நிலத்தில் குடியிருந்தான்" என்று சாட்சி சொல்லக்கூடிய அயலவரின் பெயர்களும் அதில் வர வேண்டும். மறுப்பவன் வந்து மறுக்கலாம். "ஒருத்தன் இருந்ததுக்கு அயலட்டைதான் சாட்சி. அதைப் பேரோடை போடுறதுக்குத்தான் பேப்பர்" என்பார்.

இது வெறும் கதைப்பிரியம் இல்லை என்று ஒரு மாரிக்குளிரில் கண்டேன். டொலார்டில் பெரிய கடை வைத்திருந்த ஒருவருடைய தகப்பனார் இராசையா அண்ணர் காலமானார். எங்கள் கடைசிப் பக்க விளம்பரம் முழுவதும் அந்தக் கடையுடையது. மூத்த மகனான கடைக்காரர் மரண அறிவித்தலோடு வந்தார். எடிட்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நாலு பிள்ளையள் எல்லோ? வசந்தியின்ரை பேரைக் காணேல்லை."

"நாங்கள் மூண்டு பேர்தான். இதிலை இருக்கிற மாதிரிப் போடுங்கோ."

வசந்தி ஒரு கியூபெக்காரரைக் கலியாணம் முடித்து, ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருந்தாள். அண்ணன்மார் அவளோடு கதைப்பதில்லை. அடுத்த நாள் அவளே பேஸ்மென்ட் படியிறங்கி வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"என்ரை பேர் இல்லாட்டி நான் அப்பான்ரை செத்தவீட்டுக்கு என்னெண்டு போறது, ஐயா? நீ ஆர் எண்டு கேட்டா என்ன சொல்ல?"

எடிட்டர் பேனையைக் கீழே வைத்தார். அறிவித்தல் அந்தக் குடும்பத்தினுடையது, அதில் கை வைக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். அவள் முகம் வாடிப்போனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இராசையா அண்ணர் மகள் வீட்டை போறதை நீங்கள் கண்டனீங்களோ?"

கண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் லொங்குய்க் கடைக்குப் பத்திரிகை கொண்டு போகும்போது, இராசையா அண்ணர் மஞ்சள் பாதை மெட்ரோ ரயிலால் இறங்கி முருங்கைக்காய்ப் பையோடு நடந்து வருவார். வானில் ஏற்றி மகள் வாசலில் விட்டிருக்கிறேன். பேரப்பிள்ளை 'தாத்தா' என்று ஓடி வருவான்.

"ஓம், கண்டனான்."

"உங்கடை பேரைப் போடலாமோ?"

எனக்குப் பயம். அந்தக் கடைக்கு மறுகிழமையும் போக வேண்டியவன் நான். வசந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போடச் சொன்னேன்.

குடும்பத்தின் அறிவித்தல் அப்படியே வந்தது. பக்கத்தில் வேறொரு பெட்டியில் மகள் வசந்தியின் அஞ்சலி. அதன் கீழே, தகப்பனார் அவள் வீட்டுக்கு வந்து போனதை அறிந்தவர்கள் என்று மூன்று பெயர்கள்: இராசையா அண்ணரே சொல்லக் கேட்டிருந்த எடிட்டர், நான், வசந்தியின் பக்கத்து வீட்டு பிரெஞ்சு மூதாட்டி. மூதாட்டியின் பெயரையும் எடிட்டர் தமிழ் எழுத்தில் போட்டிருந்தார். என் பெயர் அச்சில் வந்தது அன்றுதான். எது என் பெயர் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

கடைக்காரர் தம் கடைக்குப் போன கட்டுகளைக் குப்பையில் எறிந்தார். விளம்பரத்தை நிறுத்தினார். பத்திரிகை மெலிந்தபோது எடிட்டர் முதலில் வெட்டியது தம்முடைய தொடரைத்தான். மரண அறிவித்தல் பக்கத்தைத் தொடவில்லை. கவலையில்லையா என்று கேட்டேன். "கவலைதான். அதுக்கு என்ன செய்யிறது" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பத்திரிகை வந்த கிழமையே நடந்த செத்தவீட்டுக்கு வசந்தி கணவனோடும் பிள்ளையோடும் வந்தாள். வாசலில் நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பினார். உள்ளே பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மா நகர்ந்து இடம் விட்டு, "வா பிள்ளை, நீ வசந்தியெல்லோ? பேப்பரிலை பாத்தனான்" என்றார். அவள் அந்த அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். எடிட்டர் பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. கோயிலிலோ கடையிலோ யாராவது இன்னொருவரைப் பற்றி ஒரு கதை கொண்டு வந்தால், "நீர் கண்டனீரோ?" என்று கேட்பேன். கண்டதாகச் சொன்னால், "உம்மடை பேரைச் சொல்லலாமோ?" என்பேன். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் வானிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். "ஓம், சொல்லுங்கோ" என்கிற ஒருவர் எப்போதாவது அகப்படுவார். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, இருந்து முழுவதையும் கேட்பேன்.