கண்ணாடித் தட்டில் வளர்ந்த சாட்சி

"…உள்ளங்கையில சீனியக் கொட்டிக் கொட்டி நக்க விட்டது யாரு? பெத்தவதான? இப்ப ஊசியோட அலையுது பிள்ள" என்று தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடத்தை நிமிர்த்தியபடி சொன்னார் என் அக்காவின் நாத்தனார். தண்ணீருக்கு நின்ற தோட்டத்து லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அக்கா மகனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்ன வாரம் அது. அக்கா பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்கமாட்டோம். தேயிலைச் சாயத்தை வெறுமனே ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. அக்கரப்பத்தனைக் குளிரை அப்படித்தான் தாண்டுகிறோம். நாத்தனார் குடிப்பதும் அப்படியேதான். ஆனாலும் பழி அக்காவின் கையில் ஒட்டிக்கொண்டது. கொழுந்து பறிக்கும் மலையிலும் கோயிலடியிலும் அவள் மகனைக் கெடுத்தவள் ஆனாள். சீனி தொடுவதையே விட்டுவிட்டாள். நான்தான் கெடுத்தேனா என்று என்னிடம் மட்டும் கேட்பாள்.

அட்டை கடித்த இடம் மழைக்குத்தான் அரிக்கும் என்பார்கள் எங்கள் ஆட்கள். அக்காவுக்கு எல்லா மாதமும் மழை. நான் மட்டும் என்ன, ஆற்றவா பார்த்தேன்? கூட உட்கார்ந்து சொறிந்துவிட்டேன். கிடைக்கட்டும் ஒரு நாள், விடாதே என்று சொல்லிச் சொல்லி.

பிள்ளை வளர்ந்து கொழும்பில் கடை வேலைக்குப் போனான். அங்கே கிளினிக் டாக்டரம்மா ஆராய்ச்சிக்கென்று இரத்தம் கேட்டார், கொடுத்தான். நெடுநாள் கழித்து எங்களையும் வரச்சொல்லி ஒரு படம் காட்டினார். கண்ணாடித் தட்டில் கடுகு போல வெள்ளைப் பொட்டுகள். அவன் இரத்தத்து உயிரணுக்களைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து புதிதாக வளர்த்த குட்டிக் கணையத் துணுக்குகளாம். வருத்தம் இல்லாதவர்களின் துணுக்குகள் சீனித்தண்ணி பட்டால் இன்சுலினைச் சுரக்கின்றன, இவனுடையவை தடுமாறுகின்றன. பிறவியிலேயே உள்ள பிசகு, நீங்கள் ஊட்டி வந்ததல்ல என்றார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

கோயில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து கூடியிருந்த பகலில், அக்கா நாத்தனாரை நடுவில் உட்காரவைத்துத் தானே தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் நீட்டிய உள்ளங்கையில் சீனியைக் குவித்தாள். பிறகு என் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மதினி, இது ஒங்க மருமகனோட கணையம். தட்டுலயே பொறந்து தட்டுலயே வளந்துச்சு. அதுக்கும் அதே வருத்தந்தானாம். இது யாரு கையில நக்குச்சு?"

என்னமோ படத்தைக் காட்டுகிறாளே என்று நாத்தனார் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. நான் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ருசித்தேன்.

"மாமாவுக்கும், ஒங்க அப்பாவுக்கு, இதே வருத்தத்துலதான கால எடுத்தாங்க? நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தியே. அவருக்கு ஊட்டுனது யாருங்க மதினி?"

நாத்தனார் சீனியோடு கையை இறுக மூடிக்கொண்டு, சாயத்தை வெறுமனே குடித்தார்.